நாகாலாந்து நகராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு: பெண்கள் திரண்டு பெற்ற இடம் – ஒரு நிகழ்வு ஆய்வு

நாகாலாந்தில் 2004ஆம் ஆண்டு நகராட்சித் தேர்தல் நடந்தது. அதற்கடுத்த நகராட்சித் தேர்தல் 2024 ஜூன் 26ஆம் தேதிதான் நடந்தது. இடைப்பட்ட 20 ஆண்டுகளில் அம்மாநிலச் சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் தேர்தல்கள் தவறாமல் வந்துபோயின; முதலமைச்சர்கள் மாறினார்கள், கட்சிகள் உடைந்தன, புதிய கட்சிகள் முளைத்தன. தெருவிளக்கையும் குப்பை வண்டியையும் சந்தைக் கடைகளையும் கவனிக்க வேண்டிய வார்டு உறுப்பினர்களுக்கான தேர்தல் மட்டும் அறிவிப்பதும் தள்ளிவைப்பதும் ரத்துசெய்வதுமாகக் கிடந்தது. வார்டுகளில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்க வேண்டும் என்ற சட்ட விதியே இதற்கு முதன்மைக் காரணம். அந்த விதியை நடைமுறைப்படுத்தச் சொல்லி நாகா பெண்கள் அமைப்பாகத் திரண்டு நீதிமன்றம் சென்றார்கள். அதை எதிர்த்துப் பழங்குடி அமைப்புகள் தெருவில் இறங்கின. அரசு இரு பக்கமும் மாறிமாறிச் சாய்ந்தது.

இந்த ஆய்வு அந்த 20 ஆண்டுகளைப் பற்றியது. நாகா சமூகத்தில் பெண்கள் முடங்கிக் கிடக்கிறார்கள் என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே பெண்களின் எழுத்தறிவு 76 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. கொகிமாவின் தெருவோரத்தில் மூங்கில் குருத்தையும் நத்தையையும் பட்டுப்புழுவையும் பரப்பி வைத்து விற்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. அவர்கள் உட்காரும் இடத்தையும் கட்டும் கட்டணத்தையும் தீர்மானிப்பது நகராட்சி. அப்படியிருக்க, ஒரு வார்டு உறுப்பினர் பதவி ஏன் இவ்வளவு பெரிய சண்டையானது, அந்தச் சண்டையில் நாகா அன்னையர் சங்கம் என்ற பெண்கள் அமைப்பு எங்கே வலுப்பெற்றது, எங்கே தனித்துவிடப்பட்டது என்பதே இங்கு எழும் கேள்வி. என் கணிப்பை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: தாய் என்ற நிலையில் அவர்களுக்குக் கிடைத்த மதிப்பு சமரசம் பேசப் பயன்பட்டது, பதவி கேட்கப் பயன்படவில்லை. பதவி கேட்ட நாளில் அவர்கள் வேறொரு பலத்தைத் தேட வேண்டியிருந்தது. அதை அரசியலமைப்புச் சட்டத்தில் தேடினார்கள். அதற்கு ஒரு விலையும் கொடுத்தார்கள்.

சட்டமும் வழக்காறும்

நாகாலாந்து 1963 டிசம்பர் 1 அன்று மாநிலமானது. ஆயுதப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலத்தில், 1960இல் நாகா மக்கள் மாநாடு என்ற அமைப்புக்கும் மத்திய அரசுக்கும் ஏற்பட்ட 16 அம்ச உடன்பாட்டின் பயனாக உருவான மாநிலம் அது. அந்த உடன்பாட்டின் உயிர்நாடி, அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வழியாகச் சேர்க்கப்பட்ட 371ஏ பிரிவு. நாகாக்களின் சமய, சமூகப் பழக்கங்கள், அவர்களது வழக்காற்றுச் சட்டமும் நடைமுறையும், அவ்வழக்காற்றின்படி தீர்ப்பு வழங்கும் நீதி நிர்வாகம், நிலத்தின் உரிமையும் கைமாற்றமும் ஆகிய நான்கு பொருள்களில் நாடாளுமன்றம் இயற்றும் எந்தச் சட்டமும், நாகாலாந்துச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றி ஏற்றுக்கொண்டாலன்றி அம்மாநிலத்துக்குப் பொருந்தாது என்பது அதன் சாரம். பல உயிர்களைக் கொடுத்துப் பெற்ற காப்பு என்று நாகாக்கள் இதைக் கருதுவதில் வியப்பில்லை. பிற்காலத்தில் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த உணர்வை மனத்தில் வைத்துக்கொள்வது அவசியம்.

1992இல் நிறைவேறி 1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆவது திருத்தங்கள் ஊராட்சிகளிலும் நகராட்சிகளிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இடம் ஒதுக்கின. ஊராட்சிகள் பற்றிய பகுதியிலிருந்து நாகாலாந்து, மேகாலயா, மிசோரம் ஆகிய மூன்று மாநிலங்களுக்கு 243எம் பிரிவு வெளிப்படையாகவே விலக்களித்தது. நகராட்சிகள் பற்றிய பகுதியில் நாகாலாந்துக்கு அப்படி எந்த விலக்கும் இல்லை. ஆக, கிராமங்களில் வழக்காறு தொடரலாம். நகரங்களில் 243டி (243T) பிரிவு சொல்லும் இட ஒதுக்கீடு பொருந்தும். இந்த வேறுபாடு சட்டம் எழுதியவர்களின் கவனக்குறைவா, வேண்டுமென்றே செய்ததா என்ற வாதம் ஒருபுறமிருக்கட்டும். பிற்காலத்தில் பெண்கள் நுழைந்தது இந்த இடைவெளி வழியாகத்தான்.

கிராமத்தில் நிலைமை என்ன? கொன்யாக் பழங்குடியினரிடம் 'ஆங்' எனப்படும் பரம்பரைத் தலைவரின் ஆட்சி. ஆவோக்களிடம் 'புட்டு மென்டன்' என்ற குல மூப்பர் அவை. அங்காமிகளிடம் தலைவர் என்று ஒருவரில்லாமல் எல்லா ஆண்களும் கூடிப் பேசும் மரபு. ஆட்சி முறை ஊருக்கு ஊர் இப்படி மாறினாலும் முடிவெடுக்கும் அவையில் பெண் அமர்வதில்லை என்பது மட்டும் பொதுவாக இருந்தது. மூதாதையர் நிலத்தில் பெண்ணுக்குப் பங்கில்லை என்பதும் அப்படியே. 1978ஆம் ஆண்டுக் கிராம அவைச் சட்டம் இந்த அவைகளுக்கு அரசு அங்கீகாரம் கொடுத்தது. ஆனால் வளர்ச்சிப் பணத்தைச் செலவிடுவதற்காக 1980இல் வகுக்கப்பட்ட கிராம வளர்ச்சி வாரிய விதிகளில், நிர்வாகக் குழுவில் நான்கில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு சத்தமில்லாமல் நுழைந்திருந்தது. பணத்தைச் செலவிடும் குழுவில் பெண்ணுக்கு இடம் கொடுத்தபோது வழக்காறு இடிந்துவிழவில்லை. 2017இல் தெருவில் நின்றவர்களுக்கு இதை யாராவது நினைவூட்டினார்களா என்பது ஐயமே.

அன்னையர் சங்கம் சேர்த்திருந்த மதிப்பு

நாகா அன்னையர் சங்கம் 1984 பிப்ரவரி 14 அன்று கொகிமாவில் தொடங்கப்பட்டது. சானோ வாமுசோ அதன் முதல் தலைவர். நெய்டோனுவோ அங்காமி தொடக்க கால முன்னோடிகளில் ஒருவர், 2000ஆம் ஆண்டு பத்மஸ்ரீ பெற்றவர். தொடக்கத்தில் சங்கம் கையிலெடுத்தவை குடி, போதைப்பொருள், பின்னர் எய்ட்ஸ். மகன்களைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த வீடுகளிலிருந்து எழுந்த சங்கம் என்பதால் 'அன்னையர்' என்ற பெயர் பொருத்தமாகவே அமைந்தது. 1989இல் மாநிலத்தில் மதுவிலக்குச் சட்டம் வருவதற்குத் தேவாலயங்களோடு இதுபோன்ற மகளிர் அமைப்புகளின் குரலும் துணைநின்றது.

1988இல் ஆயுத இயக்கம் இரண்டாகப் பிளந்தபின், நாகாவை நாகாவே கொல்லும் காலம் வந்தது. பட்டப்பகலில் ஊர் நடுவே சுட்டுக்கொல்லப்பட்டவரின் உடலைத் தொட்டு எடுக்கவே அக்கம்பக்கத்தார் அஞ்சினார்கள். எடுத்தால் எந்தக் குழுவின் ஆள் என்ற கேள்வி வரும். அப்போது அன்னையர் சங்கப் பெண்கள் அந்த உடல்கள்மீது சால்வை போர்த்தினார்கள். நாகா சமூகத்தில் சால்வை சும்மா ஒரு துணியல்ல; எந்தப் பழங்குடி, எந்த ஊர், போர்த்தியிருப்பவர் எத்தகைய தகுதி பெற்றவர் என்பதெல்லாம் அதன் நிறத்திலும் கோட்டிலும் இருக்கும். எந்தக் குழுவைச் சேர்ந்தவனானாலும் இறந்தவன் ஒரு தாயின் பிள்ளை என்பதை அந்தப் போர்வை சொல்லிற்று. 1994இல் 'இனியும் இரத்தம் சிந்தாதீர்' என்ற முழக்கத்தோடு சங்கம் இயக்கம் நடத்தியது. அதன் பெண்கள் காடுகளைக் கடந்து நடந்து சென்று ஆயுதக் குழுத் தலைவர்களைச் சந்தித்துப் பேசினார்கள். 1997 போர்நிறுத்தத்துக்குப் பிறகு நடந்த ஆலோசனைகளுக்கு அவர்களும் அழைக்கப்பட்டார்கள்.

இதற்கு மரபில் ஒரு வேர் இருந்தது. மணிப்பூர் மலைகளில் வாழும் தாங்குல் நாகாக்களிடம், வேற்றூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பெண்ணுக்குப் 'புக்ரெய்லா' என்று பெயர். பிறந்த ஊரும் புகுந்த ஊரும் போரில் இறங்கினால் இடையில் போகும் உரிமை அவளுக்கு உண்டு. அவளைத் தாக்குவது பெரும்பழி. அன்னையர் சங்கம் செய்த சமாதானப் பணியை நாகா சமூகம் உடனே புரிந்துகொண்டதற்கு இந்த மரபும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். ஆனால் புக்ரெய்லா இரு தரப்பையும் பிரித்து நிறுத்தலாமே தவிர, போர் முடிந்தபின் எல்லை எங்கே என்று தீர்மானிக்கும் அவையில் உட்கார முடியாது. சங்கத்துக்குக் கிடைத்த மதிப்பின் வரம்பும் அதுவே. அந்த வரம்பு எங்கே இருக்கிறது என்பது அவர்கள் அதைத் தொடும்வரை வெளித்தெரியவில்லை.

நீதிமன்றம் செல்வதென்ற முடிவு

2001இல் நாகாலாந்து நகராட்சிச் சட்டம் வந்தது. 2004 தேர்தல் அந்தச் சட்டப்படி, பெண்களுக்கு இட ஒதுக்கீடு இல்லாமல் நடந்தது. 2006இல் சட்டமன்றமே திருத்தம் கொண்டுவந்து 33 விழுக்காடு ஒதுக்கீட்டைச் சேர்த்தது. அதைச் செய்தவர்கள் பெண்கள் அல்லர். அந்த அவையில் ஒரு பெண்ணும் இல்லை. காகிதத்தில் எழுதியதை யாரும் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் செய்திருக்கலாம். மன்றங்களின் பதவிக்காலம் முடிந்து அடுத்த தேர்தலுக்கான நேரம் வந்தபோது பழங்குடி அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. 2009 டிசம்பரில் அமைச்சரவை தேர்தலைத் தள்ளிவைத்தது. அதன்பின் நகரங்களை அதிகாரிகள் நடத்தினார்கள்.

சங்கத்தினர் மனுக் கொடுத்தார்கள், அமைச்சர்களைப் பார்த்தார்கள், காத்திருந்தார்கள். எதுவும் நகராததால், 2011இல் சங்கத்தின் ஆலோசகரான ரோஸ்மேரி ஸூவிச்சுவும் தலைவராக இருந்த அபெய்யு மெருவும் குவாஹாட்டி உயர்நீதிமன்றத்தின் கொகிமா அமர்வில் ரிட் மனு தாக்கல் செய்தார்கள். ரோஸ்மேரி ஆங்கிலப் பேராசிரியர். ஊர்ப்பெரியவர்களிடம் வேண்டுகோள் வைத்து வந்த ஒரு சங்கம் மாநில அரசையே எதிர்மனுதாரர் ஆக்கியது என்பதை நாகா சமூகச் சூழலில் வைத்துப் பார்த்தால்தான் அந்த முடிவின் கனம் விளங்கும். ஊர்ச் சண்டையை ஊரிலேயே தீர்த்துக்கொள்வது அங்கே பெருமை. வெளியிலிருந்து தீர்ப்பு வாங்கி வருவது வேறு வகைச் செயல்.

அவர்களது வாதம் நேரானது. நகராட்சி என்பது நாகா வழக்காற்று அமைப்பு அன்று. கொகிமா நகரமே 1870களின் இறுதியில் ஆங்கிலேயர் நிர்வாகத் தலைமையிடம் அமைத்தபின் வளர்ந்தது. வார்டு, வாக்குச்சீட்டு, மன்றத் தலைவர் ஆகிய எதுவும் முன்னோர் காலத்தில் கிடையாது. வழக்காற்றில் இல்லாத அவையில் ஆண் உட்காருவது வழக்காற்றை மீறாதபோது, பெண் உட்காருவது மட்டும் எப்படி மீறும்? மேலும் 371ஏ தடுப்பது நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்தை. நகராட்சிகள் பற்றிய பகுதியோ அரசியலமைப்பின் ஓர் அங்கம். 2011 அக்டோபர் 21 அன்று தனி நீதிபதி பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, 2012 ஜனவரி 20க்குள் தேர்தலை நடத்தி முடிக்கச் சொன்னார்.

அரசு மேல்முறையீடு செய்தது. 2012 ஜூலையில் இரு நீதிபதிகள் அமர்வு முந்தைய தீர்ப்பைப் புரட்டியது. அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று சட்டமன்றம், நகராட்சிகளில் பெண்களுக்கான ஒதுக்கீடு நாகா சமூகப் பழக்கத்துக்கும் வழக்காற்றுக்கும் எதிரானது என்று கூறி அதை ஏற்க மறுத்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆறு ஆண்டுகளுக்கு முன் தாமே எழுதிய விதியை, அனைவரும் ஆண்களாக இருந்த அதே 60 இருக்கைகள் கொண்ட அவை வழக்காற்றின் பெயரால் மறுத்தது. பெண்கள் தரப்பு உச்சநீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு தாக்கல் செய்தது. பெண்கள் இட ஒதுக்கீட்டுக்கான கூட்டு நடவடிக்கைக் குழு என்ற அமைப்பும் களத்துக்கு வந்தது. பின்னாளில் அவ்வழக்கை மக்கள் சிவில் உரிமைக் கழகம் முன்னின்று நடத்தியது. 2016 ஏப்ரலில் உச்சநீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு பெண்களுக்குச் சாதகமாக வந்தது. அந்த அழுத்தத்தில் 2016 நவம்பரில் சட்டமன்றம் 2012 தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. 2017 பிப்ரவரி 1 அன்று தேர்தல் என்று அறிவிக்கப்பட்டது.

2017 ஜனவரியும் பிப்ரவரியும்

எதிர்த்தவர்கள் சொன்னதை நேர்மையாகப் பதிவுசெய்ய வேண்டும். பெண்கள் தேர்தலில் நிற்பதை நாங்கள் தடுக்கவில்லை, ஒதுக்கீட்டைத்தான் எதிர்க்கிறோம் என்றார்கள். வேண்டுமானால் நியமன உறுப்பினராகப் பெண்களை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். 371ஏ என்ற சுவரில் ஒரு கல்லை எடுத்தால் நாளை நிலமும் போகும் என்று அஞ்சினார்கள். நகராட்சிச் சட்டத்தில் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் வரி விதிக்கும் விதி இருந்ததால், வரி கட்டாமல் நிலம் வைத்திருந்த சமூகத்தில் இந்த அச்சத்துக்குத் தீனியும் கிடைத்தது. பெண்களின் ஒதுக்கீடும் வீட்டுவரியும் ஒரே சட்டத்தின் இரு விதிகளாக இருந்தது பெண்களின் தலையெழுத்து என்றே சொல்லலாம். வரியை எதிர்த்தவனும் ஒதுக்கீட்டை எதிர்த்தவனும் ஒரே பதாகையின் கீழ் வந்து நின்றார்கள்.

பழங்குடி அமைப்புகள், வேட்புமனு தாக்கல் செய்தவர்களைத் திரும்பப் பெறச் சொல்லி நெருக்கின. மறுத்தவர்களுக்கு ஊர்விலக்கு என்று அறிவித்தன. நாகாவுக்கு ஊர்விலக்கு என்பது வெறும் கண்டனமன்று. ஊரும் குலமும் நிலமும் பின்னிக்கிடக்கும் இடத்தில் அது மனிதனை வேரோடு பிடுங்கும் தண்டனை. ஆண் வேட்பாளர்கள் பலரே பின்வாங்கினார்கள் என்றால், ஒதுக்கப்பட்ட வார்டுகளில் மனுப்போட்ட பெண்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

தேவாலயத் தரப்பின் சமரசத்தில் தேர்தலைத் தள்ளிவைக்க இசைந்த அரசு, பிறகு நடத்தியே தீருவது என்று திரும்பியது நெருப்பில் எண்ணெயானது. ஜனவரி 31 அன்று திமாப்பூரில் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இளைஞர்கள் இருவர் உயிரிழந்தார்கள். பிப்ரவரி 2 அன்று கொகிமாவில் நகராட்சி அலுவலகம் உட்பட அரசுக் கட்டடங்கள் தீக்கிரையாயின. தேர்தல் செல்லாது என்று அரசு அறிவித்தது. பிப்ரவரி 19 அன்று முதலமைச்சர் டி.ஆர். ஜெலியாங் பதவி விலகினார். ஷுர்ஹோசெலி லீசீட்சு அவ்விடத்துக்கு வந்தார். நாட்டின் ஊடகங்கள், வடகிழக்கின் மூலையில் பெண்களுக்கு இடம் கொடுக்க மறுத்து நகரையே எரித்துவிட்டார்கள் என்று எழுதின. அது முழுப் பொய்யன்று. முழு உண்மையும் அன்று. வாக்குத் தவறிய அரசின்மீது இருந்த கோபமும், சாவுகள் கிளப்பிய ஆத்திரமும் அதில் கலந்திருந்தன.

பெண்கள் அமைப்புக்கு விழுந்த அடிதான் நம் ஆய்வுக்கு முக்கியம். இனத்தின் உரிமையை நீதிமன்றத்தில் அடகு வைத்தவர்கள் என்ற பழி அன்னையர் சங்கத்தின்மீது விழுந்தது. சங்கத்தின் அமைப்பே தனித்தனிப் பழங்குடிகளின் மகளிர் அமைப்புகளைச் சேர்த்துக் கட்டியது. அந்த மகளிர் அமைப்புகளோ அந்தந்தப் பழங்குடியின் ஆண்கள் தலைமையிலான ஹோஹோக்களின், அதாவது பழங்குடிப் பேரவைகளின், நிழலில் இருப்பவை. ஹோஹோ ஒரு பக்கம் சாய்ந்தபோது மகளிர் அமைப்புகள் சில சங்கத்திலிருந்து விலகி நின்றன. சால்வை போர்த்திய காலத்தில் இந்தப் பிணைப்பே சங்கத்தின் பலமாக இருந்தது. ஒவ்வொரு ஊரிலும் ஆள் இருந்ததால் எங்கே சாவு விழுந்தாலும் போய்ச் சேர முடிந்தது. உரிமை கேட்ட காலத்தில் அதே பிணைப்பு கழுத்தைப் பிடித்தது. கிளைகள் அனைத்தும் வேறொருவர் வீட்டுக் கூரையில் படர்ந்திருந்தால் கொடியின் நிலை என்னவாகும் என்பதை 2017 காட்டியது.

மீண்டும் நகர்ந்த கதை

அடுத்த ஐந்தாண்டு ஏறக்குறைய மௌனம். ஆனால் உச்சநீதிமன்றத்தில் வழக்கு உயிரோடிருந்தது. இதுவே பெண்கள் தரப்பின் ஒரே கையிருப்பு. பதினைந்தாவது நிதி ஆணையம், தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி இல்லாவிட்டால் மானியம் இல்லை என்ற நிபந்தனையை வைத்தது. நீதிமன்றமும் நிதியும் இரு பக்கமும் நெருக்க, 2022 மார்ச் 9 அன்று முதலமைச்சர் நெய்பியு ரியோவின் அரசு பழங்குடி அமைப்புகள், தேவாலயம், கட்சிகள், மகளிர் அமைப்புகள் அனைத்தையும் ஒரே கூட்டத்துக்கு அழைத்தது. 33 விழுக்காடு ஒதுக்கீட்டுடன் தேர்தல் நடத்தலாம் என்று அங்கே முடிவானது. 2017இல் தெருவில் முடியாதது 2022இல் ஒரு கூட்டத்தில் முடிந்ததற்கு, எதிரெதிரே நின்றவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து தங்கள் வாயாலேயே ஒப்புக்கொண்டதே காரணம் என்பேன். தீர்ப்பால் திணிக்கப்பட்டது என்ற சொல்லை அதற்குப் பிறகு முன்போல உரக்கச் சொல்ல முடியவில்லை.

சொல்ல முடியவில்லை என்றாலும் முயலாமல் இல்லை. 2023 மே 16 அன்று 39 நகர மன்றங்களுக்குத் தேர்தல் என்று அறிவிப்பு வந்ததும் எதிர்ப்பு மறுபடி கிளம்பியது. வரி, நிலம், ஒதுக்கீடு என்ற அதே மூன்று சொற்கள். மார்ச் 28 அன்று சட்டமன்றம் 2001ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்தையே நீக்கியது. சட்டம் இல்லையென்றால் தேர்தல் இல்லை, ஒதுக்கீடும் இல்லை, நீதிமன்ற அவமதிப்பும் இல்லை என்ற கணக்கு அது. இருபதாண்டில் அரசு காட்டிய சாமர்த்தியங்களில் இதுவே உச்சம். ஏப்ரல் 5 அன்று உச்சநீதிமன்றம் தேர்தல் ரத்துக்குத் தடை விதித்தது. ஜூலை மாத விசாரணையில் மாநில அரசோடு மத்திய அரசையும் சேர்த்துக் கேள்வி கேட்டது. கடைசியில் 2023 நவம்பரில் புதிய நகராட்சிச் சட்டம் நிறைவேறியது. 33 விழுக்காடு ஒதுக்கீடு அதில் இருந்தது. நிலம், கட்டட வரி இல்லை. மன்றத் தலைவர் பதவிகளில் பெண்களுக்கு ஒதுக்கீடும் இல்லை.

இந்த ஏற்பாட்டைக் கவனித்துப் படிக்க வேண்டும். வரியை நீக்கியதும் வரிக்காக வந்து நின்ற கூட்டம் கலைந்தது. ஒதுக்கீட்டை மட்டும் எதிர்ப்பவர்கள் தனித்து நின்றார்கள். தலைவர் பதவியை விட்டுக்கொடுத்ததும் ஒதுக்கீட்டை எதிர்த்தவர்களில் மிதவாதிகள் இறங்கிவந்தார்கள். உட்காரலாம், தலைமை தாங்குவதற்கு மட்டும் உத்தரவாதம் இல்லை என்பதே உடன்பாட்டின் பொருள்.

2024 ஜூன் 26 அன்று வாக்குப்பதிவு நடந்தது. 39 மன்றங்களில் கிழக்கு நாகாலாந்தின் ஆறு மாவட்டங்களிலுள்ள 14 பேரூர் மன்றங்களில் தேர்தல் நடக்கவில்லை. தனி எல்லைப்புறப் பிரதேசம் கேட்டு அங்குள்ள மக்கள் அமைப்பு தேர்தல் புறக்கணிப்பை நடத்திவந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் மக்களவைத் தேர்தலிலும் அந்தப் பகுதி வாக்குச்சாவடிகள் வெறிச்சோடியே கிடந்தன. ஆக, கொகிமா, திமாப்பூர், மொகோக்சுங் ஆகிய மூன்று நகராட்சி மன்றங்களும் 22 பேரூர் மன்றங்களும் புதிய உறுப்பினர்களைப் பெற்றன. ஒதுக்கப்பட்ட ஒவ்வொரு வார்டிலும் ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். இம்முறை எந்த அலுவலகமும் எரியவில்லை.

சட்டமன்றத்தில் இருவர்

நகராட்சிச் சண்டைக்கு இணையாக இன்னொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. 1977இல் ரானோ ஷைசா நாகாலாந்திலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாகா இயக்கத் தலைவர் ஃபிசோவின் உறவினர் அவர். டெல்லிக்கு ஒரு பெண்ணை அனுப்பிய மாநிலம், அதன்பின் 46 ஆண்டுகள் தன் சட்டமன்றத்துக்கு ஒரு பெண்ணையும் அனுப்பவில்லை. 2018இல் ஐந்து பெண்கள் நின்று ஐவரும் தோற்றார்கள். 2022இல் பாங்னோன் கொன்யாக் மாநிலங்களவைக்குச் சென்றார். ஆனால் அது சட்டமன்ற உறுப்பினர்கள் அனுப்பிவைக்கும் இடம், தெருவில் இறங்கி வாக்குக் கேட்டுப் பெறுவதன்று.

2023 பிப்ரவரி 27 தேர்தலில் 183 வேட்பாளர்களில் நால்வர் பெண்கள். மார்ச் 2 அன்று வாக்கு எண்ணப்பட்டபோது, திமாப்பூர் 3 தொகுதியில் வழக்கறிஞரும் இளைஞர் அமைப்பொன்றை நிறுவியவருமான ஹெகானி ஜகாலு 1,536 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மேற்கு அங்காமியில் சல்ஹூதுவோனுவோ குரூஸே 7 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஏழே வாக்கு, ஒரு வீட்டுக் குடும்பம் வேறு பொத்தானை அழுத்தியிருந்தால் இந்தப் பத்தியை இப்படி எழுத முடிந்திருக்காது. மார்ச் 7 அன்று குரூஸே அமைச்சராகவும் பதவியேற்றார், மாநிலத்தின் முதல் பெண் அமைச்சர். அன்று பதவிப் பிரமாணம் செய்துவைத்த ஆளுநர் நம் இல. கணேசன் என்பது தமிழ் வாசகருக்கு ஒரு கூடுதல் தகவல்.

இந்த இருவரின் வெற்றியை நகராட்சி இயக்கத்தின் நேரடி விளைவு என்று சொல்வது மிகை. இருவரும் அப்போது ஆட்சியிலிருந்த தேசியவாத ஜனநாயக முற்போக்குக் கட்சியின் வேட்பாளர்கள். கட்சிச் சீட்டும் கட்சி இயந்திரமும் அவர்களுக்குக் கிடைத்தன. நாகாலாந்துத் தேர்தலில் பணமும் குலமும் கிராம அவையின் கூட்டு முடிவும் எவ்வளவு வேலை செய்யும் என்பதை அறிந்தவர்களுக்கு, கட்சிச் சீட்டு இல்லாத பெண்ணின் நிலை விளங்கும். இருந்தாலும் ஒரு தொடர்பை மறுக்க முடியாது. பெண் அரசியலில் இருப்பது வழக்காற்றுக்கு எதிரானதா என்ற கேள்வி 2011 முதல் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு சபையிலும் பேசித் தேய்ந்துபோயிருந்தது. அந்தப் பேச்சுக்கு நடுவில் வளர்ந்த இளம் வாக்காளர்கள் 2023இல் வாக்களித்தார்கள். கேள்வி பழகிப்போனதே பாதி வேலை.

கிடைத்ததும் கிடைக்காததும்

ஒதுக்கப்பட்ட வார்டிலிருந்து வந்த பெண் உறுப்பினர் மன்றத்தில் எவ்வளவு பேசுகிறார், கோப்பில் யார் சொல் நிற்கிறது என்பதை அளந்து சொல்ல இன்னும் காலமாக வேண்டும். மற்ற மாநிலங்களில் உள்ளாட்சிப் பதவியிலிருக்கும் பெண்ணின் நாற்காலியில் கணவர் உட்காரும் காட்சியை நாம் பார்த்திருக்கிறோம். நாகாலாந்தில் கணவரின் இடத்தில் குலமும் ஹோஹோவும் உட்காரக்கூடும். தலைவர் பதவியில் ஒதுக்கீடு இல்லாததால், பெண் தலைவர் வருவது கட்சியின் தயவைப் பொறுத்தே அமையும்.

கிராம அவைகளில் நிலைமை மாறவில்லை. ஊராட்சிகள் பற்றிய பகுதி நாகாலாந்துக்குப் பொருந்தாது என்பதால் அங்கே நீதிமன்றம் செல்லும் வழியும் கிடையாது. நகர மன்றத்தில் உட்காரும் பெண், விடுமுறைக்குத் தன் ஊருக்குப் போனால் அவைக்கு வெளியே நிற்க வேண்டும். நிலத்தில் பங்கு என்ற கேள்வியை அன்னையர் சங்கம் இதுவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகவில்லை. அது 371ஏ பிரிவின் நான்காவது பொருள் என்பதால் கொண்டுபோகும் துணிவும் எளிதில் வராது.

சட்டமன்றத்தைப் பொறுத்தவரை, 2023 செப்டம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 106ஆவது திருத்தம் எல்லா மாநிலச் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்குகிறது. நாகாலாந்தின் 60 இடங்களில் அது 20 ஆகும். இருவர் இருக்கும் இடத்தில் இருபதின்மர். ஆனால் அத்திருத்தம் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் அதையொட்டிய தொகுதி மறுவரையறைக்கும் பிறகே நடைமுறைக்கு வரும். நாட்டின் பெரும்பகுதியில் 2008இல் தொகுதிகள் மறுவரையறை செய்யப்பட்டபோது, நாகாலாந்தில் அது தள்ளிவைக்கப்பட்டது. அம்மாநிலச் சட்டமன்றத் தொகுதிகளின் எல்லைகள் 1970களில் வரைந்தவை.